டிபேட்டும் தோசை மாவும்

அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் அடுத்த வாரம் ஆங்கிலத்தில் டிபேட் போட்டி, தலைப்பு மாணவர்களுக்குச் செல்போன் தேவையா தேவையில்லையா. இவள் தேவையில்லை அணி. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அப்படி விழுந்துவிட்டது, அவளுக்கு அதில் ஏகப்பட்ட வருத்தம். பேச்சை ஆரம்பிக்கும்போது டிபேட் என்றால் என்ன என்று இரண்டு வரி சொல்லிவிட்டு ஆரம்பி என்று மிஸ் சொல்லியிருக்கிறார். இவளும் அகராதியைப் பார்த்து, இரு தரப்பினர் முறைப்படி நடத்தும் விவாதம் என்று எழுதி வைத்திருந்தாள். "மாமா, இதைத்தான் எல்லாரும் எழுதிட்டு வருவாங்க. வேற ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அடுப்படி மேடையில் கடையில் வாங்கிய தோசை மாவு பாக்கெட் கிடந்தது. மேலே ஆங்கிலத்தில் தோசா பேட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்த பேட்டரும் உன்னுடைய டிபேட்டும் சொந்தக்காரர்கள், ஒரே பாட்டி வழிப் பேரப்பிள்ளைகள் என்றேன். கிண்டல் செய்கிறேன் என்றுதான் நினைத்தாள். ஆனால் விஷயம் உண்மை, அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

லத்தீனில் பட்டுயெரே என்று ஒரு வினைச்சொல் இருந்தது. அர்த்தம், அடிப்பது. கையாலோ தடியாலோ எதையாவது போட்டுச் சாத்துவது, அவ்வளவுதான். லத்தீன் மெல்ல மெல்லப் பிரெஞ்சாக மாறியபோது இந்தச் சொல் பத்ர் என்று சுருங்கியது. அதன் முன்னால் தெ என்ற முன்னொட்டைச் சேர்த்தால், அடித்து வீழ்த்துவது, போட்டு அடிப்பது என்று ஆனது. 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பல தலைமுறைகளுக்குப் பிரெஞ்சுதான் ஓடியது. அந்த வெள்ளத்தில் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான சொற்களில் ஒன்றுதான் டிபேட். ஆக, அதன் வேரில் வாயும் கிடையாது வாதமும் கிடையாது, அடிதான்.

இதே பாட்டிக்கு வேறு பேரப்பிள்ளைகளும் உண்டு. பேட்டில் என்றால் போர். காம்பேட் என்றால் ஒருவரோடொருவர் அடித்துக்கொள்வது. டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரிகூட இந்தக் குடும்பம்தான். முதலில் அடிப்பது என்ற அர்த்தத்தில் இருந்து, பிறகு கோட்டையை அடித்து நொறுக்குகிற பீரங்கி வரிசைக்குப் பெயராகி, 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரத்தைச் சேமிக்கும் ஜாடிகளை வரிசையாக அடுக்கி வைத்து அதற்கு அந்தப் பீரங்கிப் பெயரையே சூட்டினார். வருமான வரியில் ரிபேட் என்கிறார்களே, அது தொகையை அடித்துக் குறைப்பது. நாமும் சந்தையில் விலையை அடித்துத்தானே பேசுகிறோம். பேட்டர் என்பது அடித்துக் கலக்கிய மாவு. நம் வீட்டில் மாவை ஆட்டுவோம், அவர்கள் அடிப்பார்கள், முட்டை விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று.

பிரெஞ்சில் இன்றைக்கும் இந்தப் பழைய அர்த்தம் முழுசாகச் சாகவில்லை. விவாதம் செய்வதைக் குறிக்கிற அதே வினைச்சொல்லை, தன்னையே என்ற பொருள் தரும் ஒரு சின்னச் சொல்லோடு சேர்த்துச் சொன்னால், திமிறுவது, துடிப்பது என்று ஆகிவிடும். வலையில் மாட்டிய மீன் வாலை அடித்துக்கொண்டு துள்ளுகிறதே, அதற்கு அவர்கள் சொல்கிற சொல் அதுதான். டிவியில் நேரம் முடியப் போகிறது என்று தெரிந்ததும் சில விருந்தினர்கள் பேசுகிற விதத்தைப் பார்த்தால் எனக்கு அந்த மீன் ஞாபகம் வரும்.

சரி, அடிதடிச் சொல் எப்போது மேடை ஏறியது? ஒரே நாளில் ஏறவில்லை. ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் ரொம்ப காலம் டிபேட் என்றால் சண்டை, தகராறு என்றுதான் மக்கள் புரிந்துகொண்டார்கள். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் எழுதிய கேண்டர்பரி கதைகளில், புனிதப் பயணம் போகிற கூட்டத்தில் ஒரு துறவியும் திருச்சபை நீதிமன்ற ஏவலாள் ஒருவனும் வழியெல்லாம் முட்டிக்கொள்வார்கள். கூட்டத்தை நடத்திச் செல்கிற சத்திரக்காரர் குறுக்கே புகுந்து, நம் கூட்டத்தில் டிபேட் வேண்டாம் என்பார். இன்றைய அர்த்தத்தில் படித்தால், கருத்துப் பரிமாற்றம் கூடாது என்று தடை போடுகிற சர்வாதிகாரி மாதிரி இருக்கும். அவர் சொன்னது, சண்டை போடாமல் வாங்கப்பா என்பதைத்தான்.

இதைவிட நல்ல சாட்சி பைபிளில் இருக்கிறது. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பைபிளில், ரோமருக்கு எழுதின நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பாவங்களின் பட்டியல் ஒன்று வரும். பொறாமை, கொலை, அதற்கு அடுத்து டிபேட், அதற்கு அடுத்து வஞ்சகம். கொலைக்கும் வஞ்சகத்துக்கும் நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள்! இன்று பள்ளிக்கூடம் கோப்பை கொடுத்து ஊக்குவிக்கிற காரியம் அன்று பாவக் கணக்கில் இருந்தது. அதே பைபிளின் ஏசாயா புத்தகத்தில் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. விரதம் இருக்கிறவர்களைக் கண்டிக்கிற இடம் அது, நீங்கள் டிபேட்டுக்காகவும் கையால் குத்துவதற்காகவும்தான் உபவாசம் இருக்கிறீர்கள் என்று போகும். நம் பழைய தமிழ் பைபிளில் அதே வசனம் ‘வழக்குக்கும் வாதுக்கும்’ என்று இருக்கும், அடுத்த மூச்சில் கையால் குத்துவதும் வரும். சொல்லும் குத்தும் ஒரே வரியில்.

1880-களில் அந்த ஆங்கிலப் பைபிளைத் திருத்தியபோது இந்த இரண்டு இடங்களிலும் டிபேட்டைத் தூக்கிவிட்டு, பூசல், சச்சரவு என்று பொருள்படும் வேறு சொற்களைப் போட்டார்கள். காரணம் புரிகிறதுதானே. நடுவில் ஓடிய 270 வருஷத்தில் அந்தச் சொல் கண்ணியமாகிவிட்டது. பாராளுமன்றத்தில் நடக்கிற ஒன்றைப் பாவப் பட்டியலில் வைத்தால் படிக்கிறவனுக்குக் குழப்பம்தான் வரும்.

கண்ணியமாக்கியது எது என்று கேட்டால், என் கணக்கில் விதிகள்தான். சண்டை போடுகிறவர்கள் நல்லவர்களாகிவிடவில்லை, சண்டைக்கு முறை வந்தது. லண்டன் மக்களவையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிர் வரிசையில் உட்காருவார்கள். நடுவில் தரை விரிப்பில் இரண்டு சிவப்புக் கோடுகள், பேசுகிற உறுப்பினர் தன் பக்கத்துக் கோட்டைத் தாண்டக்கூடாது. கோடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி இரண்டு வாள் நீளம் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லி வருகிற கதை. உறுப்பினர்கள் மேலங்கியைக் கழற்றி மாட்டுகிற அறையில், வாளைத் தொங்கவிட என்று ஆளுக்கொரு நாடா இன்றும் கட்டித் தொங்குகிறது. வாள் கொண்டு வருகிறவர் யாரும் இல்லை, நாடாவை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை.

அப்புறம் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது, நேரே பார்த்து நீ என்றோ நீங்கள் என்றோ சொல்லக்கூடாது. எதிரில் இருப்பவரைத் திட்ட வேண்டுமானால்கூட சபாநாயகரைப் பார்த்துத்தான் திட்ட வேண்டும். நம் சட்டமன்றத்திலும் அதே வழக்கம்தான், எவ்வளவு கோபம் இருந்தாலும் ‘மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே’ என்று ஆரம்பித்தாக வேண்டும். இது வெறும் மரியாதைச் சடங்கு என்று நான் சின்ன வயதில் நினைத்ததுண்டு. இப்போது யோசித்தால், அடிக்கிற கையை இரண்டு விநாடி தள்ளிப் போடுகிற ஏற்பாடு அது. நேராகப் பாய வேண்டிய சொல், ஒரு மூன்றாவது ஆளைச் சுற்றிக்கொண்டு போகிறது. வரம்பு மீறிய சொல் வந்தால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். இத்தனைக்கும் பிறகு அடி முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. அமைச்சர் நல்ல அறிவிப்பு ஒன்று வெளியிட்டால் உறுப்பினர்கள் என்ன செய்கிறார்கள்? மேசையைத் தட்டி வரவேற்கிறார்கள். மிச்சமிருந்த அடியை மேசை வாங்கிக்கொள்கிறது.

இந்த விதிகளால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைத் தொகுதிகளுக்கு ஆங்கிலத்தில் பெயரே டிபேட்ஸ்தான். 1949 அக்டோபர் 17-ஆம் தேதி முகவுரையை எடுத்துக்கொண்டார்கள். இந்திய மக்களாகிய நாம் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் ‘கடவுளின் பெயரால்’ என்று சேர்க்க வேண்டும் என எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். உடனே அசாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சவுத்ரி எழுந்து, நாங்கள் காமாக்யாவைக் கும்பிடுகிறவர்கள், அப்படியானால் தேவியின் பெயரால் என்று போடுங்கள் என்றார். திருவிதாங்கூரின் தாணு பிள்ளை, நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை, இப்படிப் போட்டால் அது கட்டாயப்படுத்துவது ஆகிவிடும் என்றார். ஹிருதயநாத் குன்ஸ்ரு சொன்னது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: நம் மனதின் அடியாழத்தில் புனிதமாக இருக்கிற ஒன்றை இப்படி விவாதக் களத்துக்குக் கொண்டு வந்ததே வருத்தம் என்றார். அதாவது திருத்தத்தை மட்டும் எதிர்க்கவில்லை, இது டிபேட் செய்கிற சமாசாரமா என்றே கேட்டுவிட்டார். கடைசியில் ஓட்டெடுப்பு. ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் தோற்றார் என்று சொல்வதைவிட காமத் தோற்றார் என்பது சரி.

கதை அங்கே முடியவில்லை. நவம்பர் 25-ஆம் தேதி அம்பேத்கர் நிறைவுரை ஆற்றுகிறார். வந்து குவிந்த திருத்தங்கள் 7,635, அவற்றில் அவையில் முறைப்படி முன்வைக்கப்பட்டவை 2,473 என்று கணக்குச் சொல்கிறார். அத்தனைக்கும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியிருக்கும் மனிதர், எல்லாரும் கட்சி சொன்னபடி தலையாட்டியிருந்தால் இந்தச் சபை சுவையற்றுப் போயிருக்கும், நல்லவேளை சில கலகக்காரர்கள் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் பெயர்களை அடுக்குகிறார். முதல் பெயர் காமத். கே.டி. ஷாவும் குன்ஸ்ருவும் அந்த வரிசையில் வருகிறார்கள். அவர்கள் யோசனைகளை நான் ஏற்கவில்லை என்பதால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது, அவர்களுக்கு நான் நன்றி உடையவன் என்கிறார். வென்றவர், தன்னோடு முட்டியவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்ன இடம் அது.

இனி நம் சொற்களுக்கு வருவோம். விவாதம், வாதம் இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை. வேர், பேசுவது. வேரிலேயே பேச்சு இருக்கிறது, அடி இல்லை. ஆனால் முன்னால் வி சேர்ந்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் பேசுவது என்று ஆகி, பழைய தர்ம சாஸ்திரங்களில் விவாதம் என்றால் வழக்கு, தகராறு என்றே அர்த்தம். நிலத்தகராறு, கடன் தகராறு எல்லாம் விவாதம்தான். நீதிமன்றத்தில் இன்றும் வாதி, பிரதிவாதி என்கிறோம். அரசியல்வாதி, சந்தர்ப்பவாதி என்கிற வாதிகளும் இதே சொல்லிலிருந்து முளைத்தவர்கள்தான். முடக்குவாதம், பக்கவாதம் என்கிற வாதம் மட்டும் வேறு, அது காற்றைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டதால் இப்படி மாட்டிக்கொண்டோம். பிடிவாதம் எந்தப் பக்கம் என்று கேட்டால் பேச்சுப் பக்கம்தான், ஆனால் சில பேரைப் பார்த்தால் மூட்டு இறுகிப்போன நோய் என்றும் தோன்றும்.

நம் மொழியிலும் அடி இல்லாமல் இல்லை. உறுதியாகச் சொல்வதை அடித்துச் சொல்வது என்கிறோம். சொற்போர் என்று ஒரு சொல் இருக்கிறது. 1943-இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்பதைப் பற்றி அண்ணாதுரை ஒரு பக்கமும், ரா.பி. சேதுப்பிள்ளையும் பிறகு நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்ப்பக்கமுமாக மேடையில் மோதியதை அந்தப் பெயரில்தான் இன்றும் சொல்கிறார்கள். வள்ளுவரே, ஒரு சொல்லைச் சொன்னால் அதை ‘வெல்லுஞ்சொல்’ வேறொன்று இல்லை என்று தெரிந்துகொண்டு சொல் என்கிறாரே. வாயால் பேசினாலும் வெல்வது தோற்பது என்ற கணக்கு எங்கும் போகவில்லை.

முதன்முதலாக இதைப் படிக்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால், நான் நியாய சாஸ்திரத்தின், அதாவது பழைய இந்தியத் தர்க்க சாஸ்திரத்தின், மூன்று சொற்களைச் சொல்வேன். கௌதமருடையது என்று சொல்லப்படும் நியாய சூத்திரம், எதிரெதிர் நின்று பேசுவதை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை என்ன என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் பேசினால் அது வாதம். குருவும் மாணவனும் பேசிக்கொள்வது மாதிரி, யார் தோற்றாலும் இரண்டு பேருக்கும் லாபம். ஜெயிக்க வேண்டும் என்பதற்காகப் பேசினால் அது ஜல்பம். இதில் வார்த்தை விளையாட்டு, மடக்குக் கேள்வி எல்லாம் நடக்கும். மூன்றாவது, தன் பக்கம் எது என்றே சொல்லாமல் எதிராளி சொல்வதை மட்டும் உடைத்துக்கொண்டே இருப்பது. அதற்குப் பெயர் விதண்டை. ஆமாம், பாட்டியெல்லாம் "விதண்டாவாதம் பண்ணாதடா" என்று திட்டுவார்களே, அந்த விதண்டை. தர்க்க நூலின் கலைச்சொல் ஒன்று நம் வீட்டுத் திண்ணையில் திட்டுச் சொல்லாகப் புழங்குகிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஜல்பத்தில் வருகிற தந்திரத்துக்கு அந்த மரபில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. ஒருவன், இந்தப் பையனிடம் நவ கம்பளம் இருக்கிறது என்கிறான். புதுப் போர்வை என்ற அர்த்தத்தில் சொல்கிறான். எதிராளி உடனே, ஒன்பது எங்கே இருக்கிறது, ஒன்றுதானே இருக்கிறது என்று மடக்குகிறான். நவ என்றால் புதிய என்றும் அர்த்தம், ஒன்பது என்றும் அர்த்தம். நவநாகரிகத்தையும் நவக்கிரகத்தையும் தெரிந்த நமக்கு இது உடனே பிடிபடும். எதிராளி சொன்னதை அவன் நினைத்த அர்த்தத்தில் எடுக்காமல், தனக்கு வசதியான அர்த்தத்தில் எடுத்து அடிப்பது. இதற்குச் சலம் என்று பெயர் வைத்து, வகை பிரித்து, பதிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். டிவி விவாதம் பார்க்கிறபோது ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு எது வாதம் எது ஜல்பம் எது விதண்டை என்று குறித்துப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. நான் பார்த்த ஓர் இரவில் முதல் கட்டம் காலியாகவே கிடந்தது. ஆறு பேர், ஆறு சதுரத்தில், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்திருந்தது, நெறியாளருக்கும் சேர்த்து. ஆனால் 1858-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஆபிரகாம் லிங்கனும் அவரை எதிர்த்து நின்ற டக்ளஸும் ஏழு ஊர்களில் மேடையில் மோதியபோது முதலில் பேசுகிறவருக்கு ஒரு மணி நேரம், பதில் சொல்கிறவருக்கு ஒன்றரை மணி நேரம், திரும்ப முதலாமவருக்கு அரை மணி நேரம் என்று கொடுத்தார்கள். குறுக்கே பேச நெறியாளர் யாரும் இல்லை.

டிபேட்டில் மறுத்துப் பேசுவதற்கு ரிபட்டல் என்று பெயர். அதன் பழைய பிரெஞ்சு வேருக்கு அர்த்தம் திருப்பித் தள்ளுவது; ஆட்டுக்கிடாய் தலையால் முட்டுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லும் அந்த வேரில் வந்ததுதான். முட்டுவதிலும் ஒரு நேர்மை உண்டு என்று மட்டும் அக்கா மகளிடம், எங்கள் பாப்பாவிடம், சொன்னேன். கிடாய் எதிரில் நிற்கிற கிடாயைத்தான் முட்டும். பக்கத்தில் ஒரு வைக்கோல் பொம்மையை நட்டு வைத்துக்கொண்டு அதை முட்டிவிட்டு ஜெயித்தேன் என்று சொல்லாது. எதிரணி சொன்னதை அவர்களே ஆமாம் இதைத்தான் சொன்னோம் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு அப்புறம் மறுத்துப் பேசு என்றேன். இது மட்டும் வந்துவிட்டால் பாதி டிபேட் கற்றுக்கொண்ட மாதிரி.

பழைய இந்தியாவில் சவால் விடுகிற முறையும் சுவாரசியம். பௌத்தக் கதைகளில் வருகிற பத்தா குண்டலகேசி, ஊர் ஊராகப் போய் வாதுக்கு அழைத்தவள். ஊர் வாசலில் மணலைக் குவித்து அதில் ஒரு நாவல் கிளையை நட்டுவிட்டு, வாதம் செய்ய வருகிறவர்கள் இதை மிதித்துப் போடட்டும் என்று அங்கே விளையாடுகிற பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பிச்சைக்குப் போவாள். சாவத்தியில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் அந்தக் கிளையை மிதிக்கச் சொல்லிவிட்டார். அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு, ஒன்று என்பது எது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே ஒப்புக்கொண்டு சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். நம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி இவள் பெயரில் எழுந்ததுதான், கைக்குக் கிடைத்தவை சில பாட்டுகள் மட்டும். அதற்கு மறுப்பாகச் சமணர்கள் நீலகேசி என்று ஒரு நூலே எழுதினார்கள். ஒரு காப்பியத்துக்கு இன்னொரு காப்பியம் ரிபட்டல்! குண்டலகேசியின் சவாலிலும் முதல் காரியம் காலால் மிதிப்பதுதான் என்பதைக் கவனித்தீர்களா.

பட்டிமன்றம் என்று இன்று சொல்கிறோமே, அதன் பழைய பெயர் பட்டிமண்டபம். புகார் நகரத்தில் இருந்த பட்டிமண்டபத்தை மகத நாட்டு மன்னன் ‘பகைப்புறத்துக் கொடுத்த’தாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மணிமேகலையின் முதல் காதையில் இந்திர விழா 28 நாள் நடக்கப் போகிறது என்று முரசறைகிறவன் ஊருக்குச் சொல்கிற அறிவிப்பு வரும். தெருவைச் சுத்தம் செய்யுங்கள், புது மணல் பரப்புங்கள், கொடி கட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து,

‘ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள்
பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’

என்கிறான். தங்கள் சமயத்தின் பொருளை வாதிடத் தெரிந்தவர்கள், பட்டிமண்டபத்தின் முறை தெரிந்துகொண்டு மேடை ஏறுங்கள். பாங்கறிந்து என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்த வரியிலேயே, பகைவர்களாகவே இருந்தாலும் அவர்களோடு ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்கிறான். செற்றம் கோபம், கலாம் சண்டை. லண்டன் விரிப்பில் சிவப்புக் கோடு போட்டுச் சொன்னதை இங்கே முரசு அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அடித்தது முரசை.

பிற்காலத்தில் மாணிக்கவாசகர், எட்டும் இரண்டும் எவ்வளவு என்றுகூடத் தெரியாத என்னைப் பட்டிமண்டபம் ஏற்றிவிட்டாயே என்று சிவனிடம் குறைப்பட்டுக்கொள்வார். மேடை பயம் யாரையும் விடவில்லை போலிருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் கம்பன் கழகங்களும் குன்றக்குடி அடிகளாரும் அதை மறுபடி மக்களிடம் கொண்டு வந்தார்கள், அங்கிருந்து பொங்கல் தீபாவளிக்கு டிவி பார்க்கிற வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் பட்டிமன்றமும் டிபேட்டும் அச்சு அசல் ஒன்று இல்லை. பட்டிமன்றத்தில் நடுவருக்குத்தான் கடைசிச் சொல், கைதட்டலும் முக்கால்வாசி அவருக்குத்தான், தீர்ப்பும் பெரும்பாலும் யார் மனதும் நோகாதபடி வரும். டிபேட்டில் நடுவர் வாயைத் திறக்காமல் மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடுவார். எது ஒசத்தி என்று கேட்டால் அதற்கே ஒரு பட்டிமன்றம் வைக்க வேண்டியிருக்கும்.

போட்டி முடிந்தது. பாப்பா தோசை மாவு பாக்கெட்டைக் கையோடு கொண்டு போய்த் தூக்கிக் காட்டித்தான் பேச்சை ஆரம்பித்தாளாம், அரங்கமே சிரித்திருக்கிறது. இரண்டாம் பரிசு. செல்போன் தூக்கத்தைக் கெடுக்கும், கண்ணைக் கெடுக்கும், படிக்கிற கவனத்தைச் சிதைக்கும் என்று அவள் தன் அணிக்காக எழுதிய ஏழு பாயிண்டும் அக்காவுக்கு இப்போது மனப்பாடம். ராத்திரி ஒன்பதரைக்கு இவள் போனை எடுத்தால் போதும், அக்கா ஒன்றிலிருந்து வரிசையாக ஒப்பிக்க ஆரம்பிக்கிறாள்.

"அம்மா, அது என்னோட கருத்து இல்ல. சீட்டுல அந்த சைடு வந்துச்சு, பேசினேன். அதுக்குப் பேர் ஜல்பம். மாமாவையே கேளு."

அக்கா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். போனையும் வாங்கி வைத்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தாள்: "விதண்டாவாதம்."